பத்துக்கு எவ்வளவு

இப்போது வலிக்கிறதா? வலிக்கிறது. எவ்வளவு? அங்கேதான் எனக்கு இடிக்கிறது. சாப்பாட்டுத் தட்டை எடுக்க வந்த சிஸ்டர் எப்சிபா, "சாயங்காலம் டாக்டரம்மா வருவாவ டீச்சர், பத்துக்கு எவ்வளவுன்னு கேப்பாவ, இப்பமே யோசிச்சு வச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். யோசிக்க யோசிக்கக் கூடுகிற மாதிரி இருக்கிறது. சரி வேண்டாம் என்று ஜன்னல் பக்கம் பார்த்தால் குறைகிற மாதிரி இருக்கிறது, குறைகிறதா என்று திரும்பிப் பார்த்தால் அது அங்கேயே நிற்கிறது. இடது கண்ணுக்குக் கீழே ஆரம்பித்து, மூக்கோரமாக இறங்கி, பாதி உதட்டை எடுத்துக்கொண்டு தாடை வரைக்கும். காய்ந்த தோசைக்கல்லை யாரோ முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, எடுக்க மறந்துபோன மாதிரி. இதற்காகத்தான் என் மண்டை ஓட்டில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டி, மூளையை மூடியிருக்கிற சவ்வின் மேல் தபால்தலை அகலத்துக்கு ஒரு பட்டையை வைத்திருக்கிறார்கள். பட்டையிலிருந்து வரும் கம்பி தோலுக்கு அடியில் ஓடி, காதுக்குப் பின்னால் வெளியே வந்து, தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிற பெட்டியில் முடிகிறது. பெட்டி சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். அது மூளைக்கு மின்சாரத்தைத் துளித் துளியாக அனுப்பும், அனுப்பினால் வலி அடங்கலாம். அடங்கலாம் என்றுதான் டாக்டர் நசீமா சொன்னார், அடங்கும் என்று சொல்லவில்லை, கெட்டிக்காரி. மின்சாரம் வருவது எனக்குத் தெரியாது. சுரீர் என்று இழுக்காது, குறுகுறுக்காது, ஒன்றுமே இருக்காது. "கொஞ்ச நாள் ஓட விடுவோம்மா, கொஞ்ச நாள் நிறுத்தி வைப்போம். எப்ப எதுன்னு உங்களுக்குச் சொல்ல மாட்டோம். எனக்கே தெரியாது, வேற ஒருத்தர்தான் வைக்கிறார். நீங்க வலியை மட்டும் சொல்லுங்க." இன்று மாலையோடு அந்தச் சோதனை முடிகிறது. ஓடுகிற நாட்களில் வலி பாதியாகக் குறைந்திருந்தால் நெஞ்சுத் தோலுக்கு அடியில் பேட்டரி வைத்து, கம்பியை உள்ளுக்குள்ளேயே இணைத்து, தைத்து அனுப்புவார்கள். இல்லையென்றால் பட்டையை உருவிக்கொண்டு தைத்து அனுப்புவார்கள். எப்படியும் தையல் உண்டு, என் பெயர் தையல்நாயகி, அதனால் பொருத்தம்தான். பெயர் வைத்த அப்பாவுக்கு வைத்தீஸ்வரன் கோயில் அம்மன் மேல் பக்தி. அவள் கையில் மருந்து எண்ணெய் வைத்துக்கொண்டு தீராத வியாதிக்காரர்களுக்காக நிற்கிறவள். எனக்கு அவள் இன்னும் எண்ணெய் ஊற்றவில்லை, வரிசை பெரிதாக இருக்கும் போலிருக்கிறது. சரி, இப்போது எவ்வளவு. ஆறா. ஆறுக்கு மேலேயா. பெட்டி ஓடுகிறதா நின்றிருக்கிறதா, அது தெரிந்தால் வலி எவ்வளவு என்று சொல்லிவிடலாம் போல இருக்கிறது, ஆனால் வலி எவ்வளவு என்று தெரிந்தால்தானே பெட்டி ஓடியதா என்று அவர்களுக்கே தெரியும். விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுகிற பிள்ளைகளை எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்.

அவர் நாற்காலியில் தூங்குகிறார். வாய் லேசாகத் திறந்திருக்கிறது, கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது, எழுப்பி எடுத்து வைக்கச் சொன்னால் தூங்கவே இல்லை என்பார். கலியபெருமாள், மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து போர்மேனாக வெளியே வந்தவர், என் அத்தை மகன், கல்யாணமான நாளிலிருந்து என்னை டீச்சர் என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்கிறவர். கிண்டல் பழகி, இப்போது வேறு பெயரே வாயில் வருவதில்லை. இந்த அறைக்கு வந்த முதல் காரியம், ஏ.சி. காற்று என் முகத்தில் படாமல் இருக்க, மேசை மேல் கிடந்த தினசரிக் காலண்டரின் அட்டையைக் கழற்றி அதன் வாயில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். அட்டையில் இருக்கிற மகாலட்சுமி தலைகீழாகத் தொங்குகிறாள். சிஸ்டர் எப்சிபா வந்து சத்தம் போட்டாள், மறுநாள் அவளே இன்னொரு சுருள் பிளாஸ்திரி கொண்டுவந்து கொடுத்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் படம் வரைந்து விளக்கினபோது எல்லாம் முடிந்ததும் அவர் கேட்டது ஒரே கேள்விதான். "எர்த் எங்க டாக்டர் குடுப்பீங்க?" எனக்கு மானம் போயிற்று. டாக்டர் சிரிக்கவில்லை. "பட்டையிலேயே நாலு புள்ளி இருக்குங்கய்யா, ஒண்ணுல போய் இன்னொண்ணுல திரும்பிடும், வெளியில எங்கயும் போகாது" என்றார். அதற்கப்புறம்தான் இவர் கையெழுத்துப் போட்டார். ஆனாலும் வெளியே வந்ததும், "வலி இந்தப் பக்கம், ஓட்டை அந்தப் பக்கம் போடுறாங்க, சரியாத்தான் பாத்தாங்களா டீச்சர்?" மூளையில் வலதுதான் இடதுக்கு என்று சொன்னேன். "அப்ப உள்ளயே வயரிங்க மாத்திப் போட்டிருக்கான் ஆண்டவன்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, மின்சாரத்தை அவர் அறிந்த விதம் வேறு. அவர்கள் வேலையில் கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் லைன் க்ளியர் என்று ஒன்று வாங்க வேண்டும், மின்சாரத்தை நிறுத்தியாகிவிட்டது, இனி கை வைக்கலாம் என்று துணைமின் நிலையத்திலிருந்து வருகிற வாக்கு. அதையும் நம்பிவிடக் கூடாது, எர்த் ராடை மாட்டி லைன் செத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். கூட வேலை பார்த்த வைத்தியநாதன் ஒருநாள் அவசரத்தில் மாட்டாமல் தொட்டான். லைன் நிறுத்தித்தான் இருந்தது, எங்கோ ஒரு கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரிலிருந்து பின்பக்கமாக வந்துவிட்டது. இவர்தான் கீழே இறக்கினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு ஈரத்தோடேயே உட்கார்ந்திருந்தார். அப்படிப்பட்டவரிடம் போய், உங்கள் பெண்டாட்டி தலையில் லைன் இருக்கிறது, உயிரோடு இருக்கிறதா செத்திருக்கிறதா என்று சொல்ல மாட்டோம் என்றால் மனிதர் எப்படித் தூங்குவார். தூங்குகிறார், பாவம், களைப்பு. பெட்டியைத் தொட்டுப் பார்க்கிறேன், சூடு இல்லை. நேற்றும் சூடு இல்லை. போன வாரமும் இல்லை. சூட்டை வைத்துக் கண்டுபிடிக்கிற மாதிரி செய்திருப்பார்களா, நான் ஒரு பைத்தியம்.

முதலில் பல் என்றுதான் நினைத்தோம். அப்பளத்தைக் கடித்தபோது கன்னத்துக்குள் மின்னல் வெட்டின மாதிரி ஒன்று வந்து போயிற்று. ஒரு நொடிதான், ஆனால் கையில் இருந்த ரசக் கிண்ணம் கீழே விழுந்தது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள், மின்னல் போகவில்லை. பக்கத்துப் பல்லைப் பிடுங்கினார்கள், அதற்கும் போகவில்லை. நானேதான் போய் இதைப் பிடுங்குங்கள் அதைப் பிடுங்குங்கள் என்று கேட்டேன், வலிக்கிறவளுக்கு எந்தப் பல்லைக் காட்டினாலும் இதுதான் என்று தோன்றும். இடது பக்கம் பொக்கையான பிறகுதான் ஒருவர் இது பல் இல்லை, முகத்துக்கு வருகிற நரம்பு என்று சொன்னார். மாத்திரை கொடுத்தார். மின்னல் குறைந்தது, கூடவே கணக்கும் குறைந்தது. பத்தாம் வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் சாக்பீஸோடு நின்றுகொண்டு, அடுத்த வரி என்ன என்று தெரியாமல் நின்றேன். முன் பெஞ்சுப் பெண் மெதுவாக எடுத்துக் கொடுத்தாள். அந்த வருஷம்தான் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தேன். அப்புறம் ஊசி. கன்னம் வழியாக ஊசியை உள்ளே விட்டு நரம்பைச் சுட்டுவிடுவது. "ஒரே ஊசி டீச்சர், எங்க ஆபீஸ் இன்ஜினீயர் தங்கச்சிக்குப் போட்டு எட்டு வருஷமா ஒண்ணும் இல்லையாம்" என்று இவர்தான் விசாரித்துக்கொண்டு வந்தார். எனக்கு மனசில்லை. தினமும் சொன்னார், சாப்பிடும்போது சொன்னார், நான் வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது கண் கலங்கிச் சொன்னார். அந்த மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. மரத்துப்போகும், ரொம்பச் சிலருக்கு மரத்துப்போன இடமே எரிய ஆரம்பிக்கும் என்று சொல்லித்தான் போட்டார். ரொம்பச் சிலருக்கு. நிகழ்தகவு நடத்தினவளுக்குத் தெரியாதா, ரொம்பச் சிலர் என்றால் அங்கேயும் யாரோ ஒருத்தர் இருந்தாக வேண்டும். முதலில் சில மாதம் சொர்க்கம். மின்னல் போயே போய்விட்டது. கன்னம் மரக்கட்டையாகிவிட்டது, அதனாலென்ன, கன்னத்தால் நான் என்ன செய்யப் போகிறேன். இவர் கட்டுக் கட்டாக அப்பளம் வாங்கிவந்தார். பிறகு ஒருநாள், உணர்ச்சியே இல்லாத அந்த இடத்தில், கையால் தொட்டால் தெரியாத அந்த இடத்தில், தோசைக்கல். காற்றுப் பட்டால் இன்னும் மோசம். இவரிடம் சொல்லாமல் இருந்தேன். முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவரே கண்டுபிடித்தார். மன்னித்துக்கொள் என்றோ, நான்தான் கூட்டிக்கொண்டு போனேன் என்றோ ஒரு வார்த்தை வரவில்லை. மறுநாள் காலையில் ஏணி போட்டு ஏறி, கூடத்து மின்விசிறியைக் கழற்றினார். துடைத்து, சாக்கில் சுற்றி, பரணில் வைத்தார். அதற்கடுத்து படுக்கையறை விசிறி. மயிலாடுதுறையில் சித்திரை மாதத்தில் விசிறி இல்லாத வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும். ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், வந்தவர்கள் கேட்டால் ரிப்பேர் என்பார். கரண்ட்டுக்காரர் வீட்டில் ஆறு வருஷமாக ரிப்பேர்.

இப்போது எவ்வளவு. காலையில் நாலு என்று சொன்னேன். நாலா? சிஸ்டர் எப்சிபா எழுதிக்கொண்டு சிரித்த முகத்தோடு போனாள். அது எப்படி நாலு ஆயிற்று என்று எனக்கே தெரியும், அதைத்தான் சாப்பாட்டிலிருந்து சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன், பக்கத்தில் போகாமல். விடைத்தாள் திருத்தும் முகாமில் என் பேனாவைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். விடை தப்பாக இருந்தால்கூட சூத்திரம் எழுதியிருக்கிறாளா, ஒரு மார்க். படம் போட்டிருக்கிறாளா, ஒரு மார்க். பிரதியிட்டு ஒரு வரி வந்திருக்கிறதா, அதற்கு ஒன்று. ஸ்டெப் மார்க். கூட்டிப் பார்த்து முப்பத்திரண்டு வந்தால் கை சும்மா இருக்காது, தாளை மறுபடி முதலிலிருந்து புரட்டி, எங்காவது மூன்று மார்க் ஒளிந்திருக்கிறதா என்று தேடி, முப்பத்தைந்தாக்கிவிட்டுத்தான் கீழே வைக்கும். விதிக்கு உட்பட்டதுதான், தேடினால் கிடைக்கும், யாருடைய தாளிலும் தேடினால் கிடைக்கும். அந்தக் கை இங்கேயும் சும்மா இருக்கவில்லை. டாக்டர் நசீமா கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "இப்ப எவ்வளவும்மா?" என்று கேட்கும்போது அந்த முகம் இருக்கிறதே, ஆபரேஷன் முழுக்க நின்ற கால், சாப்பிடாமல் வந்திருப்பாள் போலிருக்கிறது, உதடு காய்ந்திருக்கிறது, என் வாயிலிருந்து என்ன வருமோ என்று பார்த்துக்கொண்டிருப்பாள். எட்டு என்று சொல்ல வாயெடுப்பேன். இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள், அதற்கு ஒன்று கழி. ராத்திரி கொஞ்சம் தூங்கினோமே, அதற்கு ஒன்று. இவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து என் வாயையே பார்க்கிறார், அதற்கு இரண்டு. நாலு, டாக்டர். எல்லோருக்கும் சந்தோஷம். பாஸ். பள்ளிக்கூடத்தில் இதனால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை, முப்பத்தைந்து வாங்கிய பெண் மேலே படிக்கப் போயிருப்பாள், அவ்வளவுதான். இங்கே? நான் மார்க்கைக் கூட்டிப் போட்டது பெட்டி ஓடின நாளிலா, நின்ற நாளிலா? நின்றிருந்த நாளில் போட்டிருந்தால், மின்சாரம் இல்லாமலே இந்த அம்மாவுக்கு வலி குறைகிறது, இவளுக்கு மனசுதான் வியாதி என்று பட்டையை உருவிவிடுவார்கள். ஓடின நாளில் போட்டிருந்தால், வேலை செய்யாத பேட்டரியை என் நெஞ்சில் வைத்துத் தைத்துவிடுவார்கள். கருணை எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி எனக்குத்தான். அதை விடவும் பயமாக இருப்பது இன்னொன்று, நாலு நாலு என்று சொல்லிச் சொல்லி எனக்கே இது நாலுதானோ என்று வந்துவிட்டது. வலிக்கு என்னைத் தவிர வேறு பேப்பர் திருத்துகிறவள் கிடையாது. நானே தப்பாகப் போட்டுவிட்டால் சீஃப் எக்ஸாமினர் யார், யார் எடுத்துப் பார்த்து இது தப்பு டீச்சர் என்று சொல்வார்கள்.

எடுத்துப் பார்க்கலாம். நிதானமாக, கருணை இல்லாமல், யாரோ ஒருத்தியின் தாள் மாதிரி. கடிகாரத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்கிறேன். முந்தானை நுனியைக் கன்னத்துக்குப் பக்கத்தில் அசைக்கிறேன். அந்தத் துளிக் காற்றுக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது, பல்லைக் கடிக்கலாமென்றால் அந்தப் பக்கம் பல்லே இல்லை. இது நாலு இல்லை. எந்தக் கணக்கிலும் இது நாலு இல்லை. நேற்றும் இல்லை, முந்தாநாளும் இல்லை, திங்கட்கிழமையிலிருந்து இல்லை. அதற்கு முன்னால்? போன வாரம் சனிக்கிழமை பெருக்க வருகிற அம்மாள் துடைப்பத்தை நிறுத்திவிட்டு, தன் சம்பந்தி வீட்டுக்காரர்கள் தலை தீபாவளிக்குக் கட்டில் கேட்டு வாங்கிவிட்டு மெத்தை எங்கே என்று கேட்ட கதையைச் சொன்னாள். நான் முழுக்கக் கேட்டேன். நடுவில் நானும் ஏதோ சொன்னேன், நன்றாகக் கேட்டார்கள் போ, என்று. அவள் போன பிறகுதான் நினைவு வந்தது, கதை முடிகிற வரைக்கும் கன்னம் இருப்பதே எனக்கு ஞாபகமில்லை. தோசைக்கல் இருந்தது, கொஞ்சம் தள்ளி இருந்தது, இன்னொருத்தர் வீட்டுக் கதைக்கு இடம் விட்டு இருந்தது. அன்றைக்கு மூன்று என்று சொன்னேன். கருணையைக் கழித்தால் ஐந்து. சரியாக ஐந்து, அதில் எனக்குச் சந்தேகமில்லை. இன்றைக்கு ஒன்பது. வந்துவிட்டது விடை. அப்படியென்றால் போன வாரம் ஓடியிருக்கிறது, இந்த வாரம் நின்றிருக்கிறது, அந்தப் பட்டை வேலை செய்கிறது, செய்கிறது. இரு, இரு, விடை வந்ததும் குதிக்காதே, முதல் வரியைச் சரி பார். ஆரம்பத்தில் எவ்வளவு? ஏழு. ஏழிலிருந்து ஐந்து. பாதி எங்கே இருக்கிறது இதில்? பாதியாகக் குறைந்தால்தான் பேட்டரி. ஏழு என்று யார் சொன்னது. நான்தான் சொன்னேன். முதல் நாள் டாக்டர் அறையில், இவர் பழைய ஸ்கேன் எல்லாம் இருக்கிற பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "தாங்கவே முடியாத வலிதான் பத்துன்னா உங்களுக்கு எவ்வளவும்மா?" நான் டாக்டரைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தேன். பையின் காதைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தேன். பத்து என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? நீங்கள் கூட்டிக்கொண்டு போன ஊசி என்னைத் தாங்கவே முடியாத இடத்தில் கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று அர்த்தம். இந்த மனுஷனிடம் அதைச் சொல்வேனா, அதுவும் இன்னொருத்தர் முன்னால் வைத்து. ஏழு என்றேன். ஊரில் எத்தனையோ நாள் கேட்டிருக்கிறார், இன்னைக்கு எப்படி டீச்சர், என்று, கொஞ்சம் பரவாயில்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன். அந்தப் பரவாயில்லைக்குத்தான் ஏழு என்று எண் போட்டேன். இப்போது அந்த ஏழைத் திருத்தாமல் மற்ற எதைத் திருத்தியும் பயனில்லை. திருத்தினால் இவர் காதில் விழும்.

அதற்கு வழி இருக்கிறது, இவர் அறையில் இல்லாதபோது சொல்லிவிடலாம். டாக்டர் வருகிற நேரத்துக்கு இவரை வெளியே அனுப்பினால் போயிற்று. பத்து என்று டாக்டரிடம் மட்டும் சொல்லி, அவருக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டால் டாக்டர் பெண்பிள்ளை, புரிந்துகொள்வாள். இத்தனை வருஷம் காப்பாற்றியதை இன்னும் ஒரு சாயங்காலம் காப்பாற்ற முடியாதா. வராந்தாவில் தள்ளுவண்டிச் சத்தம், பார்வையாளர் நேரத்துப் பேச்சுச் சத்தம், ஒரு குழந்தை அழுகிறது, எல்லாம் கன்னத்தில்தான் வந்து விழுகின்றன. "என்னங்க" என்றேன். உடனே, "தூங்கல, சும்மா கண்ண மூடினேன்" என்றார். "ஒரு காபி வேணும் போல இருக்கு." அவர் முகம் மலர்ந்துவிட்டது, நான் ஒன்று வேண்டும் என்று கேட்டு ரொம்ப நாளாகிறது. "ஆற வச்சு எடுத்தாரேன், சூடு ஆவாது ஒனக்கு" என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினார். டாக்டர் வரவில்லை. சிஸ்டர் எப்சிபா தலையை நீட்டி, "வந்துக்கிட்டே இருக்காவ" என்று சொல்லிப் போனாள். வரவில்லை. கேன்டீன் கீழ்த்தளத்தில், கூட்டம் இருக்கும், ஆற்ற வேறு வேண்டும், நேரமாகும். வரட்டும், சீக்கிரம் வரட்டும். பத்து, பத்து, பத்து என்று வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன், மேடையில் பேசப் போகிற பிள்ளை மாதிரி. ஒரு மாதிரி கூச்சமாக இருக்கிறது, யாரையோ காட்டிக்கொடுக்கப் போகிற மாதிரி. கதவு திறந்தது. காகித டம்ளர் இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் இவர் வந்தார். அவருக்குப் பின்னாலேயே டாக்டர்.

"லிஃப்ட்ல ஐயாவைப் பாத்தேன்" என்றார் டாக்டர் நசீமா. "எப்படிம்மா இருக்கீங்க? இன்னையோட முடியுது. இப்ப பத்துக்கு எவ்வளவு?" இவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். காபியைக் கீழே வைக்கவில்லை. நாலு என்று சொல்லிவிடலாம், நாக்கு நுனியில் இருக்கிறது, சொன்னால் இந்த நிமிஷம் எல்லோரும் சிரிப்பார்கள். அப்புறம் பட்டையை உருவிவிடுவார்கள், நான் இந்தக் கன்னத்தோடு சாகிற வரைக்கும் இருப்பேன், இவரும் ஈரத் துண்டோடு பக்கத்தில் இருப்பார். "ஒன்பது" என்றேன். டாக்டர் கையில் இருந்த தாளைப் பார்த்தார். "காலைல நாலுன்னு சொல்லியிருக்கீங்களே?" அது தப்பு டாக்டர், நான் மார்க் கூட்டிப் போட்டுவிட்டேன் என்று சொல்லி, ஸ்டெப் மார்க் என்றால் என்ன என்று விளக்கினேன். மூளையைத் திறந்து பார்க்கிறவளுக்கு நான் ஸ்டெப் மார்க் நடத்த வேண்டியிருந்தது. திங்கட்கிழமையிலிருந்து எட்டும் ஒன்பதுமாகத்தான் இருக்கிறது, போன வாரம் நிஜமாகவே குறைந்திருந்தது, மூன்று என்று சொன்னது ஐந்து, என்றேன். டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "எப்ப ஓடிச்சு எப்ப நின்னுச்சுன்னு நான் இன்னும் கேக்கலம்மா, அதுக்கு முன்னாடி சொன்னீங்களே, அது நல்லது. ஆனா போன வாரம் அஞ்சுன்னே வச்சுக்கிட்டாலும், ஆரம்பத்துல ஏழு. ஏழு அஞ்சாகுறதுக்கெல்லாம் பேட்டரி வைக்கச் சொல்ல முடியாதும்மா." அந்தக் கணக்கை நான் ஏற்கனவே போட்டுவிட்டேன். இவரைப் பார்க்காமல் இருக்க, போர்வையில் இருந்த பூவைப் பார்த்தேன். "ஆரம்பத்துல ஏழு இல்ல டாக்டர்." "பின்ன எவ்வளவு?" "பத்து" என்றேன். "ஊசி போட்டு எரிய ஆரம்பிச்ச நாள்லேர்ந்து பத்துதான். இந்தப் பட்டை வைக்கிற வரைக்கும் ஒரு நாள்கூடக் கொறஞ்சதில்ல." சொல்ல வேண்டாத அந்த ஊசியையும் சொல்லிவிட்டேன். "ஏன்மா ஏழுன்னு சொன்னீங்க?" என்று டாக்டர் கேட்டார். நான் போர்வைப் பூவின் இதழை எண்ணினேன். டாக்டர் என்னைப் பார்த்தார், கால்மாட்டில் நிற்கிறவரைப் பார்த்தார், இருங்க வரேன் என்று போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. திரும்பி வந்த டாக்டரின் குரலே மாறியிருந்தது. "திங்கக்கிழமை காலைலேர்ந்து மெஷின் நின்னிருக்கும்மா. போன வாரம் முழுக்க ஓடியிருக்கு." மறுபடி ஓட விட்டு, இன்னும் சில நாள் பார்த்துக்கொண்டு, இதே மாதிரி குறைந்தால் பேட்டரி வைத்துவிடலாம் என்றார். "முழுசா போகாது. பாதிதான் போகும். பாதி போதுமா?" போதும் டாக்டர், என்றேன். "இனிமே யாருக்கும் மார்க் கூட்டிப் போடாதீங்க" என்று என் கால் மேல் கையை வைத்துவிட்டுப் போனார்.

அவர் டம்ளர்களை ஜன்னல் கட்டையில் வைத்தார். ஒன்றை ஒன்றுக்கு நேராக நகர்த்தினார், அப்புறமும் நகர்த்தினார். வந்து நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "பத்துன்னு எனக்குத் தெரியும்" என்றார். எப்படி என்று நான் கேட்டேனா இல்லையா என்று ஞாபகமில்லை. "தூக்கத்துல மொனகுவ. மொனகல்னா சாதாரண மொனகல் இல்ல. நாந்தான பக்கத்துல படுத்திருக்கேன். காலைல எந்திரிச்சு பரவால்லம்ப. சரி, பரவால்லாமயே இருந்துட்டுப் போவட்டும்னு நானும் தலையாட்டிருவேன். எனக்கும் அது சவுரியமா இருந்துச்சு தையலு." பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அழவில்லை, ஆனால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்தார், நாற்காலியின் கையில் வைத்தார். அந்தக் கையை எட்டிப் பிடித்து என் முகத்துக்குக் கொண்டுவந்தேன். "வேணாம், பட்டுரும், வேணாம்" என்று இழுத்துக்கொள்ளப் பார்த்தார். நான் விடவில்லை. வலது கன்னத்தில் வைத்துக்கொண்டேன். ஆறின காபி டம்ளரின் வெதுவெதுப்பு இன்னும் அந்த உள்ளங்கையில் இருந்தது. அந்தக் கன்னம் இத்தனை வருஷமும் நன்றாகத்தான் இருந்தது. அதைத் தொடலாம் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.